சுரங்க ரயில் ரேடியோ மாற்றும் வேலைக்குப் போகும் திருகோணமலைப் பெடியளுக்கு

கொட்பே துறைமுகத்தில் கட்டியிருக்கும் பல நாள் படகொன்றில் ஏறி, ரேடியோ செற்றின் பின்னால் மாட்டியிருக்கும் அன்ரெனா கனெக்டரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். உள்ளே செப்புப் பின்னல் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். நடு ஊசி கறுத்திருக்கும். செற் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. கேபிளோ படகு கட்டிய காலத்தது. 'செற் பழுது, புதுசு போட வேணும்' என்று சொல்லிப் புதுச் செற் மாட்டுவார்கள். ஒரு கிழமை நன்றாகக் கேட்கும், பிறகு பழைய கரகரப்பு. உப்புத் தண்ணீர் போய் உட்கார்ந்த இடம் கேபிளும் கனெக்டரும்.

நிலக்கீழ் ரயில் சுரங்கத்தில் இருபது, முப்பது வருடம் உழைத்த ரேடியோக் கருவிகளை மாற்றும் வேலையிலும் இதே நோயைத்தான் பார்ப்பீர்கள். அங்கே கடல் இல்லை. ஆனால் கூரையில் ஊறும் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் கரைந்திருக்கும். சில்லும் தண்டவாளமும் பிரேக்கும் தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள் எல்லாவற்றின் மேலும் கருப்பாகப் படியும். அந்தத் தூள் மின்சாரம் கடத்தும். ஈரம் சேர்ந்தால் கறள். அலுவலகத்தில் திட்டம் போடுபவர் கையில் பெட்டிகளின் பட்டியல் இருக்கும்: இத்தனை ரிப்பீற்றர் (சிக்னலைப் பெருக்கும் பெட்டி), இத்தனை பவர் சப்ளை, இத்தனை ராக் (கருவிகளை அடுக்கும் சட்டம்). பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓடும் கேபிள், கனெக்டர், எர்த் வயர் ஆகியவற்றில்தான் பழுதின் முக்கால் பங்கு இருக்கிறது என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு வந்த இடத்துக்கு ஆறு மாதத்தில் திரும்பப் போக வேண்டி வரும்.

கல்ஓயாவிலிருந்து திருகோணமலைக்கு வரும் பாதையில் சுரங்கம் கிடையாது. ஆனால் டவுனிலிருந்தும் கிண்ணியா, மூதூரிலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் டெக்னீசியன் வேலைக்குப் போகும் தம்பிமார் குறைவில்லை. 2009-இல் ஓடத் தொடங்கிய துபாய் மெட்ரோவுக்கே 15 வயது தாண்டிவிட்டது. தோஹா 2019-இல், ரியாத் 2024 டிசம்பரில் தொடங்கின. எலக்ட்ரோனிக் சாமானுக்கு 15 முதல் 20 வருடம், நல்ல கேபிளுக்கு 25 முதல் 30 வருடம் என்று வைத்துக்கொண்டால், மாற்றும் வேலை இனி எங்கும் வரும். ஐரோப்பிய ரயில்களில் ஓடும் ஜிஎஸ்எம்-ஆர் என்ற ரேடியோ முறைக்கும் 2030-களில் விடைகொடுத்து எஃப்ஆர்எம்சிஎஸ் என்ற அடுத்த முறைக்குப் போகும் ஏற்பாடு நடக்கிறது.

இந்த வேலையின் கனம் என்ன என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இலண்டன் கிங்ஸ் குரோஸ் நிலையத்தில் 1987 நவம்பர் 18-இல் நடந்த தீயில் 31 பேர் இறந்தார்கள். நிலக்கீழ் ரேடியோவைத் திருத்த வேண்டும் என்று அந்தத் தீயின் விசாரணை சொன்ன பிறகும், 2005 ஜூலை 7 குண்டுவெடிப்பு நாளில் மீட்புப் பணியாளரின் ரேடியோக்கள் ஆழச் சுரங்கங்களில் வேலை செய்யவில்லை. செய்தி சொல்ல ஆள் ஓட வேண்டியிருந்தது. வாஷிங்டனில் 2015 ஜனவரி 12-இல் சுரங்கத்தில் புகை சூழ்ந்து ஒரு பயணி இறந்தபோதும் தீயணைப்புப் படையின் ரேடியோ கீழே சரியாக எடுபடவில்லை. அந்த இடத்தில் ரேடியோ கோளாறு இருப்பது சில நாள் முன்னரே பரிசோதனையில் தெரிந்திருந்தது. நீங்கள் இறுக்காமல் விடும் ஒரு கனெக்டர் புகைக்குள் நிற்கிற ஒருவரின் குரலை அறுக்கும்.

சுரங்கத்தில் அன்ரெனாவுக்குப் பதிலாகப் பெரும்பாலும் லீக்கி கேபிள்தான். தடித்த கோஆக்ஸ் கேபிளின் வெளிச் செப்புக் குழாயில் வரிசையாகத் துளைகள் வெட்டியிருக்கும். அதன் வழியே சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், வெளியே இருந்து உள்ளேயும் போகும். தோட்டத்தில் சொட்டு நீர்க் குழாய் மாதிரி. 1/2 அங்குலத்திலிருந்து 1 5/8 அங்குலம் வரை அளவுகள் உண்டு. இதற்கு இரண்டு கணக்கு. ஒன்று, நீள வாக்கில் ஓட ஓடக் குறையும் அளவு. மற்றது, கேபிளிலிருந்து சுமார் 2 மீற்றர் தள்ளி நிற்கும் கை ரேடியோவுக்குப் போவதற்குள் குறையும் அளவு.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அலகிலும், அது கூடுவதையும் குறைவதையும் டெசிபெலிலும் எழுதுவார்கள். பெருக்கியிலிருந்து ஒரு சேனலுக்கு 20 டிபிஎம் வெளியேறுகிறது. கேபிள் நீளம் 500 மீற்றர், நூறு மீற்றருக்கு 3 டெசிபெல் இழப்பு என்றால் 15 போய்விடும். கேபிளிலிருந்து காற்றுக்கு 70. ரயில் பெட்டியின் தகரமும் ஆளின் உடம்பும் சேர்ந்து 20. மிச்சம் மைனஸ் 85 டிபிஎம். மைனஸ் 95 வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கையில் இருப்பு 10 டெசிபெல்தான். இந்தப் பத்துக்குள்தான் கேபிளின் முதுமை, கறள், நாளைக்கு வரப்போகும் கூட்டம் எல்லாம் அடங்க வேண்டும். இரண்டு கனெக்டர் கெட்டு ஒவ்வொன்றும் 3 டெசிபெல் தின்றால், இருப்பில் பாதிக்கு மேல் போச்சு. இந்தக் கணக்கைத் தாளில் போடத் தெரியாமல் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டாம்.

பழைய கேபிளை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதற்கேள்வி. சிக்னல் நன்றாயிருந்தாலும் மேலுறை பழைய பிவிசி என்றால் மாற்ற வேண்டும், அதில் பேச்சில்லை. எரியும்போது அது விடும் புகை கண்ணை மறைக்கும், மூச்சை அடைக்கும். இப்போது போடுவது புகை குறைந்த, ஹாலோஜன் இல்லாத உறை. அடுத்தது அலைவரிசை. பழையது 160 மெகாஹேர்ட்ஸில் ஓடியிருக்கும், புதியது 400 அல்லது 800. இழப்பு அலைவரிசையின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறும். 160-இல் 6 டெசிபெல் இழந்த அதே துண்டு 400-இல் 9.5, 800-இல் 13-க்கும் மேல் இழக்கும். அத்தோடு துளைகளின் இடைவெளி காரணமாகச் சில அலைவரிசைகளில் கேபிள் சிக்னலைத் திருப்பி அடிக்கும். அந்த இடங்களில் அளவீட்டில் ஊசி மாதிரி உயர்ந்து நிற்பதைக் கண்டு 'பழுது' என்று கூரையைப் பிரித்தவர்கள் உண்டு. அது கேபிளின் சுபாவம். உங்களுடைய புதிய அலைவரிசை அந்த ஊசிக்குள் விழுகிறதா என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பார்க்க வேண்டும். விழுந்தால் கேபிள் எவ்வளவு புதிதாயிருந்தாலும் உதவாது.

பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கும் அளவீடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் அதிக இரவுகள் வீணாகின்றன. கேபிளின் ஒரு முனையில் கருவியை மாட்டி அலை அனுப்பினால், உடைந்த இடத்தில் பட்டு அது திரும்பும். எவ்வளவு தூரத்தில் என்று கருவி மீற்றரில் காட்டும். ஆனால் கேபிளுக்குள் அலை என்ன வேகத்தில் போகிறது என்பதை நீங்கள்தான் கருவிக்குச் சொல்ல வேண்டும். நுரை நிரப்பிய கேபிளில் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 0.88 பங்கு, திட பொலித்தீன் நிரப்பியதில் 0.66. நுரைக் கேபிளுக்கு 0.66 என்று போட்டால், 300 மீற்றரில் இருக்கும் பழுதைக் கருவி 225 மீற்றரில் காட்டும். இரவு இரண்டு மணிக்கு ஏணி வைத்து 75 மீற்றர் தள்ளி நல்ல கேபிளை அறுத்துக்கொண்டிருப்பீர்கள். எனவே முதலில் நீளம் தெரிந்த ஒரு துண்டில் அளந்து எண்ணைச் சரிபாருங்கள். இன்னொன்று: கருவி எவ்வளவு அகலமான அலைவரிசையைத் துழாவுகிறதோ அவ்வளவு நுணுக்கம். 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் நுரைக் கேபிளில் 6.6 மீற்றர் வரை குத்துமதிப்பு. 200 மெகாஹேர்ட்ஸ் என்றால் 66 சென்ரிமீற்றர். அகலத்தைக் கூட்டினால் எட்டும் தூரம் குறையும். 101 புள்ளிகள் மட்டும் எடுக்கும் கருவியில் 200 மெகாஹேர்ட்ஸ் வைத்தால் 66 மீற்றருக்கு அப்பால் தெரியாது. முதலில் குறுகிய அகலத்தில் முழு நீளத்தையும் பாருங்கள், பிறகு சந்தேகமான முனையிலிருந்து அகலப்படுத்துங்கள்.

சிக்னல் அளவை நடந்து அளக்கும்போது ஒரே புள்ளியில் நின்று எண் எழுதக் கூடாது. சுரங்கத்தில் அலை சுவரில் பட்டுப் பட்டுத் திரும்புவதால் அரை அடி நகர்ந்தாலே எண் தாவும். 40 அலைநீளத் தூரத்துக்கு நடந்து, அதற்குள் குறைந்தது 50 அளவு எடுத்துச் சராசரி பார்ப்பது வழக்கம். 400 மெகாஹேர்ட்ஸில் ஓர் அலைநீளம் 75 சென்ரிமீற்றர்; 40 என்றால் 30 மீற்றர். வெறுஞ் சுரங்கத்தில் ஒரு தடவை, ரயிலை நிறுத்தி வைத்து ஒரு தடவை என்று இரண்டும் வேண்டும். ஒரே குகையில் இரண்டு தண்டவாளம் இருந்து, கேபிள் ஒரு பக்கச் சுவரில் போனால், நடுவில் ரயில் நிற்கும்போது மறுபக்கத்தில் சிக்னல் இருக்காது. வெறுஞ் சுரங்கத்தில் எடுத்த அழகான வரைபடத்தைக் காட்டிப் பணம் வாங்கிப் போன பிறகு இந்தக் குறை வெளியே வரும். குறுக்குப் பாதை, பம்ப் அறை, அவசரப் படிக்கட்டு மூன்றையும் மறந்துவிடாதீர்கள். தீயணைப்பு வீரர் இறங்குவது அந்தப் படிக்கட்டால்தான்.

இனி இரவு வேலை. கடைசி ரயில் போய், பாதை உங்களிடம் வருவது ஒன்றேகாலுக்கு. நாலேகாலுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தாளில் மூன்று மணித்தியாலம். சாமான் தள்ளிக்கொண்டு இடத்துக்குப் போக 25 நிமிடம், மின்சாரம் நின்றதை உறுதிசெய்ய 15, கடைசியில் கருவிகளை எண்ணி, இடத்தைக் கூட்டி, வெளியே வர 35. மிச்சம் 105 நிமிடம், அதுவும் எதுவும் பிசகாவிட்டால். நாலு பேர், இரண்டு துளைக் கருவி உள்ள குழு ஓர் இரவில் 100 முதல் 150 மீற்றருக்குக் கிளிப் அடிக்கும். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கும் மேற்பார்வையாளரிடம் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு திரும்பும் நேரம் வைக்க வேண்டும். மூன்று மணிக்குப் புதிய இணைப்பு சரிவரவில்லை என்றால் யோசிக்காமல் பழையதை மாட்டிவிட்டு வர வேண்டும். 'இன்னும் பத்து நிமிடம்' என்று இழுத்து, காலை முதல் ரயில் ரேடியோ இல்லாமல் ஓடுவதைவிட ஓர் இரவு வீணாவது மேல்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் விடாமல் கேளுங்கள். மூன்றாம் தண்டவாளம் உள்ள இடங்களில் பொதுவாக 750 வோல்ட் நேர்மின்னோட்டம். சென்னை மெட்ரோவில் தலைக்கு மேல் 25,000 வோல்ட். 'கரண்ட் நிறுத்தியாச்சு' என்று யாரோ வாயால் சொன்னது போதாது. அதற்கென அதிகாரம் பெற்றவர் கருவி வைத்துச் சோதித்து, எர்த் தண்டு போட்டு, பெர்மிட்டில் கையெழுத்து வைத்து, அந்தத் தாள் உங்கள் குழுத் தலைவர் கைக்கு வந்த பிறகுதான் தண்டவாளத்தில் கால். ஊரில் போஸ்ட்டில் ஏறி லைன் கட்டிப் பழகிய துணிச்சலை விமானத்தில் ஏற்றாதீர்கள்.

கேபிளை விலத்தித் தொங்கவிட வேண்டும். சுவரோடு ஒட்டினால் கொங்கிரீட்டும் அதனுள் இருக்கும் கம்பியும் சிக்னலை விழுங்கும். 5 முதல் 8 சென்ரிமீற்றர் விலகி நிற்கும் கிளிப் வேண்டும். துளை இருக்கும் பக்கம் சுவருக்கு எதிர்ப்புறம் பார்க்க வேண்டும். மேலுறையில் ஒரு வரம்பு அல்லது கோடு ஓடும். அது துளைப் பக்கத்தைக் குறிக்கிறதா, முதுகுப் பக்கத்தையா என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். தாளைப் பார்க்காமல் ஊகித்தால் அரைக் கிலோமீற்றரும் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும். மீற்றருக்கு ஒரு பிளாஸ்ரிக் கிளிப், 10 மீற்றருக்கு ஒன்று தீயில் உருகாத உலோகக் கிளிப். உலோகக் கிளிப்பைச் சிக்கனம் பிடித்தால், தீ வரும்போது பிளாஸ்ரிக் உருகிக் கேபிள் தண்டவாளத்தில் விழும். தப்பி ஓடுபவர் காலில் சிக்கும். துளை போடுவது சுரங்கச் சுவரின் வளையத் துண்டுகள் சேரும் பொருத்துக்குப் பக்கத்தில் கூடாது. அங்கே உள்ளே ரப்பர் அடைப்பு இருக்கிறது, அதில் பட்டால் தண்ணீர் வரும். கொங்கிரீட் தூள் நெஞ்சுக்குக் கேடு. துணி கட்டினால் போதாது, வடிகட்டி உள்ள முகமூடி போடுங்கள்.

1 5/8 அங்குலக் கேபிள் மீற்றருக்கு ஒரு கிலோவை ஒட்டி நிறை. 500 மீற்றர் உருளையைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் மேலுறை கிழியும், வளைவில் குழாய் நசுங்கும். உருளையை ட்ரொலியில் ஏற்றி, ட்ரொலி நடை வேகத்தில் போகப் போகக் கேபிளைத் தூக்கிக் கிளிப்பில் வைக்க வேண்டும். ஓடர் கொடுக்கும்போதே ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் அளந்து, இரண்டு முனைக்கும் ஐந்தைந்து மீற்றர் கூட்டிக் கேளுங்கள். 20 மீற்றர் குறைந்துபோய் நடுவில் போடும் ஒட்டு, பத்து வருடம் கழித்து இன்னொரு குழு தேடப்போகும் பழுது.

கனெக்டர் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் சொல்கிறோம். கேபிள் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து வெட்டுங்கள், செப்புத் தூள் உள்ளே போகாமல் நிலத்தில் விழும். நுண்பல் வாள், நேர்க்கோணம். வெட்டு ஒரு துளைக்கு நடுவில் வரக் கூடாது. இரண்டு துளைக்கு இடையில் முழுச் செப்பு உள்ள இடத்தைத் தேடுங்கள். இல்லாவிட்டால் கனெக்டரின் பிடி ஓட்டைமேல் உட்காரும், ரப்பர் வளையமும் அடைக்காது. பிளேட்டால் மேலுறையை உரிக்கும்போது செப்பில் கீறல் விழக் கூடாது. அந்தக் கீறலில்தான் அதிர்வு ஆடி ஆடி வெடிப்பு வரும். நடுக் குழாயின் ஓரத்தை அரத்தால் தேய்த்து, பிரஷ்ஷால் நுரையைத் துடைத்து, ரோச் லைற்றைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தலைமயிர் அளவு செப்புத் துணுக்கு ஒன்று மின்னினால் திரும்பத் துடையுங்கள். பிறகு கனெக்டரின் பின்பகுதியை அசையாமல் ஒரு ஸ்பனரால் பிடித்துக்கொண்டு, முன்பகுதியை மட்டும் திருப்புங்கள். இரண்டும் சேர்ந்து சுழன்றால் நடு ஊசி முறுகும். கடைசி இறுக்கம் ரோர்க் ஸ்பனரால்: 7/16 டின் என்ற பெரிய கனெக்டருக்கு 25 முதல் 30 நியூட்டன் மீற்றர், 4.3-10 என்ற சிறிய கனெக்டரின் திருகும் வகைக்கு 5. கைப் பலத்தை நம்பினால் பெரியது தளர்ந்தும் சிறியது பிதுங்கியும் போகும். தளர்ந்த கனெக்டரில் இரண்டு சேனல் சந்திக்கும்போது இல்லாத மூன்றாவது அலை பிறக்கும். அந்த அலை, குரல் உள்ளே வரும் சேனலில் விழுந்தால் தூரத்துக் கை ரேடியோவின் குரல் மூழ்கிப்போகும். அதைப் பிடிக்கும் சோதனையில் 20 வாட் அலை இரண்டை ஒன்றாக அனுப்பிவிட்டு, கனெக்டரை விரலால் மெதுவாகத் தட்டுவார்கள். எண் துள்ளினால் கழற்றித் திரும்பப் போட வேண்டியதுதான்.

எர்த் விடயத்தில் ஊர்ப் பழக்கம் உதவாது. இடிக்குப் பயந்து கிடைக்கும் இடமெல்லாம் எர்த் அடிப்பது ஒக்டோபர், நவம்பர் மாத இடியோடு வாழும் எங்களுக்கு இயல்பு. நேர்மின்னோட்டத்தில் ஓடும் ரயிலில், தண்டவாளம் வழியே திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு வேறு வழி தேடி அலையும். லீக்கி கேபிளின் வெளிக் குழாயை இரண்டு நிலையத்திலும் எர்த் செய்தால் அந்த மின்னோட்டத்துக்கு நீங்களே செப்புப் பாதை போட்டுக் கொடுக்கிறீர்கள். கனெக்டர் சுடும், கறள் வேகமாகத் தின்னும். ஒரு முனையில் மட்டும் எர்த். மற்ற முனையில் நடுக் கம்பி, வெளிக் குழாய் இரண்டிலும் நேர்மின்னோட்டத்தைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் டிசி புளொக். பழையதைக் கழற்றும்போது, சின்னக் குழாய்த் துண்டு போலிருக்கும் இந்தச் சாமானைத் தேவையற்றது என்று எறிந்துவிடுகிறார்கள். முதல் நாளே படம் எடுத்து, இடத்தைக் குறித்து வையுங்கள்.

தூரத்துப் பெருக்கிகளுக்கு இப்போது ஃபைபர் என்ற ஒளி இழை வழியாகத்தான் சிக்னல் போகும். பச்சைக் கனெக்டர் 8 பாகை சாய்வாக வெட்டியது, நீலம் நேராக. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போகும், ஆனால் ஒருபோதும் சேர்த்து மாட்டக் கூடாது. ஃபைபரில் 1 டெசிபெல் குறைந்தால் ரேடியோ பக்கம் 2 குறையும். ஆகவே அழுக்குப் படிந்த முனை ஒன்று கணக்கையே கவிழ்க்கும். ஃபைபரில் ஒரு கிலோமீற்றருக்கு 5 மைக்ரோசெக்கன் தாமதம் என்பதையும் நினைவில் வையுங்கள். டெட்ரா என்ற டிஜிட்டல் ரேடியோ முறையில் ஒரு குறியீட்டின் நீளமே 55 மைக்ரோசெக்கன்தான். ஒரே சிக்னல் 6 கிலோமீற்றர் ஃபைபர் சுற்றி ஒரு பக்கத்திலிருந்தும் நேராக மறுபக்கத்திலிருந்தும் வந்து சந்திக்கும் இடத்தில் 30 மைக்ரோசெக்கன் வித்தியாசம். அங்கே சிக்னல் பலமாக இருக்கும், குரல் உடைந்து கேட்கும். பலத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக் களைத்துப் போவார்கள். கிட்ட இருக்கும் பெருக்கிக்குச் செயற்கையாகத் தாமதம் கொடுத்தால் சரியாகிவிடும்.

பெருக்கியின் ஏற்றத்தை, அதாவது சிக்னலைப் பெரிதாக்கும் அளவை, முழுதாகத் திறக்கும் ஆசையும் அப்படித்தான். 8 பெருக்கிகள் தாம் கேட்பதை ஒரே ரேடியோ நிலையத்துக்கு அனுப்பினால், எட்டின் இரைச்சலும் கூடி 9 டெசிபெல் உயரும். கீழே போகும் குரல் அருமையாகக் கேட்கும்; மேலே வரும் குரல் கேட்காது. இரண்டு திசையையும் தனித்தனியே சோதியுங்கள், பெரிய வாகன செற்றால் அல்ல, இடுப்பில் செருகிய 1 வாட் கை ரேடியோவால்.

பற்றரிக்கு ஒரு கணக்கு. 48 வோல்ட்டில் 300 வாட் இழுக்கும் ராக் என்றால் 6.25 அம்பியர். 8 மணித்தியாலத்துக்கு 50 அம்பியர்-மணி. 80 சதவீதத்துக்கு மேல் வடிக்கக் கூடாது, வயதுக்கு நாலில் ஒரு பங்கு கூட்ட வேண்டும்; 78 வரும், 100 வாங்குங்கள். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் பற்றரியின் ஆயுள் பாதியாகும். எனவே ராக்கின் உச்சியில், சூடு போய்த் தங்கும் இடத்தில், அதை வைக்காதீர்கள்.

பழையதைக் கழற்றுமுன் அதன் அமைப்பு எண்களைக் காப்பாற்றுங்கள். அந்தப் பெட்டியோடு பேசப் பழைய 9 ஊசி சீரியல் கேபிளும், பழைய விண்டோஸ் உள்ள மடிக்கணினியும் வேண்டியிருக்கும். யாருடைய அலுமாரியிலாவது அது கிடக்கும், தேடிப் பிடித்துப் பூட்டி வையுங்கள். புதியது ஓடத் தொடங்கியபின்னும் பழையதைக் குறைந்தது ஒரு மாதம் உயிரோடு விட வேண்டும். இரண்டையும் ஒரே கேபிளில் ஏற்றும்போது, அலைவரிசை வேறு வேறு என்றால் வடிகட்டிச் சேர்க்கும் கொம்பைனர் போடுங்கள். கிட்டக் கிட்ட என்றால் வடிகட்டாமலே சேர்க்கும் ஹைபிரிட் கப்ளர்தான், அதில் 3 டெசிபெல் போகும், இருப்பில் அதைக் கழித்து வையுங்கள். பாதி ரயிலில் பழைய செற்றும் பாதியில் புதியதும் ஓடும் மாதங்களில் இரண்டுக்கும் பேச்சுப் பாலம் போடும் கேட்வே தேவை. அது அறுந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் மேசையில் ஒட்டுங்கள்.

பழைய பவர் டிரான்சிஸ்ரர்களின் வெள்ளைப் பீங்கானை உடைக்கவோ அரத்தால் தேய்க்கவோ வேண்டாம். சிலவற்றில் பெரிலியம் ஒக்சைட் இருக்கும், அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. சுவரைத் துளைத்துக் கேபிள் போன பழைய இடங்களில் அடைத்திருப்பது அஸ்பெஸ்ரஸ் ஆகவும் இருக்கலாம். ஆள் வந்து சோதிக்கும்வரை கை வைக்காதீர்கள். புதுக் கேபிள் போனபின் அந்த ஓட்டையைத் தீ தாங்கும் சாந்தால் அன்றைய இரவே அடையுங்கள்.

போவதற்கு முன் இங்கேயே பழகக்கூடியது நிறைய இருக்கிறது. ஆர்ஜி-58 கேபிள் 100 மீற்றர், 'N' டைப் கனெக்டர் ஒரு டசின், கேபிள் முனையில் மாட்டும் 50 ஓம் முடிவு ஒன்று, கேபிளை அளக்கும் மலிவான நனோவிஎன்ஏ கருவி ஒன்று. நாலு பேர் காசு சேர்த்தால் வாங்கலாம். கேபிளை உப்புவெளிக் கடற்கரையோரம் ஒரு வளவில் விரித்து, 0.66 என்று போட்டு, 50 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் நீளத்தை அளந்து பாருங்கள். 2 மீற்றர் பிசகுக்குள் வர வேண்டும். ஒருவர் கண்ணில் படாமல் எங்காவது குண்டூசி குத்திக் குறுக்குச் சுற்று உண்டாக்கட்டும், மற்றவர் கருவியால் கண்டுபிடிக்கட்டும். பிறகு ஒரு கனெக்டரை நாடா சுற்றி அடைத்தும் ஒன்றைச் சும்மாவும் கூரைக்கு மேல் கட்டி, மாரி முடியும்வரை விடுங்கள். நாடா சுற்றும் முறை: முதலில் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் நாடா, பாதிக்குப் பாதி மேவி, கீழிருந்து மேல் நோக்கி, ஓடு வேய்வதுபோல, அதற்கு மேல் பிளாஸ்ரிக் நாடா, இழுக்காமல். தை பிறந்ததும் இரண்டையும் கழற்றி அருகருகே வைத்துப் பாருங்கள்.